படலையடி வாளி

எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வந்தால் இடது கைப்பக்கம் ஒரு நீல வாளி இருக்கும். வாளி நிறையக் கிணற்றுத் தண்ணீர், விளிம்பில் கொளுவிய ஒரு பேணி, பக்கத்தில் செங்கல்லின் மேல் பாதி கரைந்த சவர்க்காரம். அதை வைத்தது நானில்லை, அம்மம்மா. 2020 பங்குனியில் (மார்ச்) யாழ்ப்பாணத்துத் தாவடியில் ஒருவருக்குக் கொரோனா என்று கிராமத்தையே மூடியபோது எங்களுக்கெல்லாம் நெஞ்சு திக்கென்றது. எங்கள் கொக்குவில் வீட்டிலிருந்து தாவடி சைக்கிளில் போய்வரும் தூரம். அன்றைக்குப் பின்னேரமே அம்மம்மா வாளியைக் கொண்டுபோய்ப் படலையடியில் வைத்துவிட்டா. "செத்த வீட்டுக்குப் போட்டு வந்தால் கால் கழுவிப்போட்டுத்தானே உள்ள வாறம். இனி எங்க போட்டு வந்தாலும் செத்த வீட்டுக்குப் போட்டு வந்தமாதிரித்தான்" என்றா.

அடுத்த வருடம் நான் வயிற்றில் பிள்ளையோடு அந்த வாளியைப் பார்த்துப் பார்த்தே ஒன்பது மாதமும் ஓட்டுவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

2021 தை கடைசியில்தான் பிள்ளை தங்கியது உறுதியானது. நான் வீட்டிலிருந்து ரியூசன் கொடுக்கிறவள். என் கணவர் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறார். வீட்டில் அம்மாவும் எண்பதைத் தாண்டிய அம்மம்மாவும். எங்கள் ஊர் வழக்கப்படி சீதன வீடு அம்மா வீடுதான், மாப்பிள்ளைதான் வந்து சேருவது. ஆக வெளியில் போய் வருகிற ஒரே ஆள் அவர். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைத்தாச்சி கவனமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். கை கழுவு, மாஸ்க்கைப் போடு, அங்கே போகாதே, இதைத் தொடாதே. நானோ வீட்டை விட்டு வெளிக்கிடுவதே மாதத்தில் ஒருநாள். நோய் வீட்டுக்குள் வருவதென்றால் மற்றவர்களின் கால்வழியும் மூச்சுவழியும்தான் வரும். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதம் பிடித்தது. அதற்குள் மூன்று பிழை விட்டேன்.

முதலாவது, கிளினிக்குக்குப் போகாமல் விட்டது. பங்குனிக் கடைசியில் திருநெல்வேலிச் சந்தையில் தொற்று என்று மூடினார்கள், டவுனிலும் ஒரு பகுதியை மூடினார்கள். எனக்குப் பதினான்கு கிழமை. சத்தி குறைந்து கொஞ்சம் சாப்பிடத் தொடங்கியிருந்த நேரம். அந்த மாதக் கிளினிக் நாளன்று காலையில் உடுப்பு மாற்றி விறாந்தையில் வந்து இருந்துவிட்டு, "இந்த முறை வேண்டாம், ஒரு மாதம்தானே" என்று திரும்பவும் போய்ப் படுத்துவிட்டேன். நான்காம் நாள் படலையடியில் ஸ்கூட்டர் சத்தம். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். வாளித் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு மாமரத்தடியிலேயே நின்றா.

"ஏன் வரேல்லை?"

"பயமாக் கிடந்தது மிஸ்."

"கொரோனாவுக்குப் பயந்து நீர் பிறஷர் பாக்காமல் இருந்தால், பிறஷர் உமக்குப் பயந்து ஏறாமல் இருக்குமோ?"

நான் அன்றைக்குச் சிரித்துவிட்டேன், ஆனால் அந்தக் கேள்வி இன்றைக்கும் நினைவிருக்கிறது. எது போனில் கதைத்துத் தீர்க்கலாம், எது நேரே போய்த்தான் ஆகவேண்டும் என்று அவதான் பிரித்துச் சொன்னா. நெஞ்செரிவு, மலச்சிக்கல், நித்திரையின்மை, குளிசையை எப்போது போடுவது என்பதெல்லாம் போனில் கேட்கலாம். இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், சீனி, பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட கிழமைகளில் பார்க்கிற ஸ்கான், ஏற்பூசி ஆகியவற்றுக்குப் போனால்தான் சரி. பிறஷர் ஏறுவது எப்போதும் உடம்புக்குத் தெரியாது. தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே நோ என்று தெரியவரும்போது அது முற்றியிருக்கக் கூடும்.

அதற்குப் பிறகு கிளினிக் போவதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். முதல்நாள் மிஸ்ஸுக்கு எடுத்து எத்தனை மணிக்குச் சனம் குறைவென்று கேட்பது. ஓட்டோவில் இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிக் கட்டச் சொல்லிவிட்டுப் போவது. மழையென்றால் நனைவேன், ஆனால் மூடிய ஓட்டோவில் ஏறமாட்டேன். மண்டபத்துக்குள் கதிரை இருந்தாலும் பெயர் கூப்பிடும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்பது. சொந்தப் பேனை ஒன்று. கைப்பையில் ஒரு துவாய்த் துண்டு, ஏனென்றால் கழுவின கையைச் சீலையில் துடைத்தால் கழுவியதில் அர்த்தமில்லை. மாஸ்க்கைக் கதைக்கும்போது கீழே இறக்குகிற பழக்கம் எங்கள் சனத்துக்கு உண்டு. டொக்டரோடு கதைக்கும்போதுதான் மரியாதைக்கு இறக்குவார்கள்! அதை மட்டும் செய்யவில்லை.

இரண்டாவது பிழை இன்னும் மடைத்தனமானது. வெளியில் ரொய்லட்டுக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். எந்த இடம் என்று சொல்லவில்லை, நான் போய்வந்த ஒரு இடத்தின் ரொய்லட்டைப் பார்த்தவர்களுக்கு என் பயம் விளங்கும். கிளினிக் நாளில் காலையில் ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான். பிறகு வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. சித்திரை வெயில், மாஸ்க்குக்குள் வேர்வை, உடம்பில் தண்ணீர் இல்லை. வைகாசி (மே) 21ஆம் திகதி நாடு முழுக்கப் பயணத்தடை போட்டார்கள். அந்தக் கிழமையே அடிவயிற்றில் ஒரு நோ, சலம் போகும்போது எரிவு, பிறகு நடுச்சாமத்தில் வயிறு கல்லுமாதிரி இறுகி இறுகி விட்டது. பிள்ளை பிறக்க இன்னும் நாலு மாதம்.

அம்மா அம்மாளாச்சியைக் கூப்பிட்டா, அவர் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தார். அம்புலன்ஸ் வர அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சலத்தில் கிருமி. கர்ப்ப காலத்தில் சலக்குழாயைக் கருப்பை அழுத்துவதாலும் ஓமோன் மாற்றத்தாலும் சலம் தேங்கி நிற்கும், கிருமிக்கு அது வாய்ப்பு, கவனிக்காவிட்டால் சிறுநீரகம்வரை ஏறும், நேரத்துக்கு முன்னமே பிள்ளைவலியையும் கொண்டுவரலாம் என்று டொக்டர் சொன்னார். "கொரோனாவுக்குப் பயந்து வேற கிருமியை வளர்த்திருக்கிறீர்" என்று அவரும் சிரித்தார். அந்த வருடம் எனக்குப் புத்தி சொன்ன எல்லாரும் கொரோனாவுக்குப் பயந்து என்றுதான் தொடங்கினார்கள்.

மூன்று நாள் விடுதியில் இருந்து, மருந்து முடியும்வரை ஒருவேளையும் தவறாமல் குடித்து, பிறகு சலத்தைத் திரும்பச் சோதித்து, சரி என்றபிறகுதான் நிம்மதி. அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் கொதித்தாறிய தண்ணீர் ஒன்றரை லீற்றர் போத்தலில். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிப்பது நெருப்புக்காய்ச்சலை விலைக்கு வாங்குவது மாதிரி. கொரோனா வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளைத்தாச்சி கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். ரொய்லட்டுக்கு ஒரு சின்னச் சவர்க்காரத் துண்டைப் பழைய பேணிக்குள் போட்டுக் கொண்டுபோனேன். போகமுன் தண்ணீர் ஊற்றி, போனபின் தண்ணீர் ஊற்றி, கையைக் கழுவி வந்தால் அங்கே இருக்கிற கிருமி ஆளைப் பிடித்து விழுங்கிவிடாது. அடக்கி வைப்பதுதான் கெடுதல்.

மூன்றாவது பிழையை அம்மாவுக்கு இன்றைக்கும் முழுதாகச் சொல்லவில்லை. அவர் கடையிலிருந்து குளோரின் தூள் கொண்டுவந்திருந்தார். நான் ஒருநாள் குளியலறையை நிலமெல்லாம் அதால் கழுவிவிட்டு, போதாதென்று மஞ்சள் கறைக்கு அடிக்கிற அமில ரொய்லட் கிளீனரையும் ஊற்றினேன். யன்னலும் பூட்டு. ஒரு நிமிடத்துக்குள் கண் எரிந்து மூச்சு முட்டியது. அந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவள் நான்! சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்து கிணற்றுக்கட்டில் இருந்து கால்மணி நேரம் காற்றை இழுத்தேன். அன்றைக்குப் பிறகு அந்த வேலை எனக்கில்லை. நிலத்துக்கு வீட்டில் இருக்கிற சாதாரணச் சவர்க்காரத் தூள் போதும். கொரோனாக் கிருமியைச் சுற்றியிருப்பது கொழுப்புப் படை. கோழிக்கறிச் சட்டியில் எண்ணெயைச் சவர்க்காரம் எப்படிக் கழற்றுகிறதோ அப்படித்தான் அதையும் கழற்றும். இருபது செக்கன் தேய்த்தால் காணும். தேவாரத்தின் முதல் இரண்டு வரியைப் படித்துக்கொண்டு தேய்க்கச் சொல்லி அம்மம்மா ஒரு கணக்கு வைத்திருந்தா, ஏறத்தாழச் சரியாக வரும்.

இந்த மூன்றுக்கும் பிறகுதான் மெய்யான வேலை தொடங்கியது. அது சனத்துக்கு 'வேண்டாம்' சொல்லுகிற வேலை.

யாழ்ப்பாணத்தில் படலையைத் திறந்துகொண்டு வருகிறவரை வரவேண்டாம் என்று சொல்ல எங்கள் நாவு பழகவில்லை. ஒழுங்கையில் ஒரு சாமத்திய வீடு, ஒன்றுவிட்ட பெரியப்பாவின் செத்த வீடு, கனடாவிலிருந்து வந்து தனிமைப்படுத்தல் முடித்த கையோடு "பிள்ளையைப் பாத்திட்டுப் போவம்" என்று வந்த சித்தி குடும்பம். நான் ஒருதரம் சுகாதாரப் பகுதியின் அறிவுறுத்தலைப் படித்துக் காட்டி விளங்கப்படுத்தப் போய், "படிச்ச திமிர்" என்ற பெயரோடு திரும்பினேன். ஆறடி இடைவெளி, காற்றோட்டம், அறிகுறியில்லாமலும் பரவும் என்றெல்லாம் சொன்னால் அவர்கள் காதில் விழுந்தது ஒன்றுதான்: "உனக்குக் கொரோனா இருக்கு எண்டு நான் நினைக்கிறன்."

அம்மா வேறு வழி கண்டுபிடித்தா. பெரியப்பாவின் செத்த வீட்டுக்கு நான் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, "பிள்ளைத்தாச்சி செத்த வீட்டுக்குப் போறேல்லைத்தானே" என்றா. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமத்திய வீட்டுக்கு, "பதினாறு நாளும் அங்க துடக்கு, இவளுக்கும் ஏலாது" என்றா. இது ஒரு சாத்திரத்திலும் இல்லை, ஆனால் 'துடக்கு' என்ற சொல்லுக்கு எங்கள் சனம் கேள்வி கேட்காது. கடைசியில், "ஏழாம் மாசம் முடியுமட்டும் இவளை வெளியாக்கள் பாக்கக் கூடாதாம், சாத்திரியார் சொல்லிப்போட்டார்" என்று ஒரு முழுப் பொய்யையே அவிழ்த்துவிட்டா. சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்து சொன்னால் சண்டைக்கு வருகிற சனம் சாத்திரியாருக்கு அடங்கியது.

எனக்கு இதில் அரை மனம்தான். துடக்கு என்று பெண்களை எத்தனை தலைமுறை மூலையில் இருத்தியிருக்கிறார்கள், அதே சொல்லை வைத்துச் சாதி பார்த்திருக்கிறார்கள். அதைத் திரும்பவும் தூக்கிப் பிடிக்க மனம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சொல்லாலதானே எங்களை இருத்தினவை? இப்ப அதே சொல்லால நான் அவையைப் படலைக்கு அங்கால இருத்திறன்" என்றா. பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் எல்லாரையும் பொய் சொல்லி அனுப்ப ஏலாது. மாமி, அவருடைய அம்மா, சுன்னாகத்திலிருந்து கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் வருவா. மகனுடைய முதல் பிள்ளை. அவவிடம் சாத்திரியார் கதை எடுபடாது, அவவே சாதகம் பார்க்கத் தெரிந்தவ. அவவுக்கு நேராகத்தான் சொன்னோம், அதுவும் நானில்லை, அவர் சொன்னார். இதை நான் எல்லாப் பெண்களுக்கும் சொல்வேன்: மாமிக்குச் சொல்ல வேண்டியதை மகன் சொல்லட்டும். மருமகள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும். வரவேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. "அம்மா, வாங்கோ, விறாந்தையில கதிரை போட்டு வைக்கிறன், மாஸ்க்கோட இருந்து கதைப்பம், தேத்தண்ணி மட்டும் நீங்கள் மாமரத்தடியில குடியுங்கோ" என்றார். மாமிக்கு முதல் நாள் முகம் சரியில்லை. அம்மா எழும்பிப் போய்த் தன் தேத்தண்ணிக் கோப்பையையும் மாமரத்தடிக்குக் கொண்டுபோய், "மச்சாள், எனக்கும் உள்ள வேர்க்குது" என்று ஆறடி தள்ளிக் கதிரையைப் போட்டா. அதோடு மாமரத்தடி அவர்கள் இருவருக்குமான இடமாகிவிட்டது. இப்போதும் அங்கேதான் இருந்து கதைக்கிறார்கள்.

வேண்டாம் என்பதற்குப் பதிலாக இப்படி வாருங்கள் என்று ஒரு இடம் காட்டினால் சனம் கோபிப்பது குறைவு. கிடுகு வேலிக் காலத்தில் பொட்டு வழியாக நின்று முழுக் குடும்பக் கதையும் கதைத்தவர்கள் நாங்கள். இப்போது மதில் வந்ததால் உள்ளே வந்து இருந்துதான் கதைக்க வேண்டும் என்றாகிவிட்டது.

வெளியே போய்வருகிறவருக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்றேன். முதலில் எங்கள் ஒழுங்கு அளவுக்கு மிஞ்சிப் போயிருந்தது. பாண் உறையைச் சவர்க்காரத்தால் துடைப்பது, மரக்கறியை இரண்டு மணித்தியாலம் வெயிலில் வைப்பது, காசுத்தாளை அயன் பண்ணுவது. உண்மையாக அயன் பண்ணினோம், ஆயிரம் ரூபாத்தாள் ஒன்று சுருங்கியும் போனது. மஞ்சள் தண்ணீரும் தெளித்தோம், இறக்குமதியை நிறுத்தி மஞ்சள் ஆனைவிலை விற்ற காலத்தில்! தெளிப்பதற்கு மனமில்லாமல் அம்மா அதைக் கறிக்கே வைத்துக்கொண்டா. 2020 மார்கழியில் கேகாலைப் பக்கம் ஒருவர் கொரோனாவுக்கு மருந்தென்று காய்ச்சிய பாணிக்குச் சனம் ஆயிரக்கணக்கில் நின்றதைப் பார்த்துவிட்டு, யாரோ ஒரு போத்தலில் கறுப்பாக ஏதோ கொண்டுவந்தும் தந்தார்கள். என்ன போட்டுக் காய்ச்சினது என்று தெரியாத எதையும் பிள்ளைத்தாச்சி வாயில் வைக்கக் கூடாது. மல்லித்தண்ணி இதமாக இருக்கும், குடித்தேன். அது கிருமியைக் கொல்லும் என்று நம்பிக் குடிக்கவில்லை. ஆவி பிடிப்பதையும் விட்டுவிட்டேன். பெரிய வயிற்றோடு கொதிதண்ணீர்ச் சட்டிக்கு மேல் குனிவது கொரோனாவை விடப் பெரிய ஆபத்து.

கிருமி பெரும்பாலும் மூச்சுக் காற்றில்தான் பரவுகிறது என்று விளங்க விளங்க ஒவ்வொன்றாகக் கழித்தோம். மிஞ்சியது கொஞ்சம்தான். அவர் கடையில் எந்நேரமும் மாஸ்க், மூக்கையும் மூடி. மத்தியானச் சாப்பாடு கடைக்குப் பின்பக்கம் வெளியில், தனியாக. சேர்ந்திருந்து சாப்பிடும்போதுதான் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றிக் கதைப்பது, அங்கேதான் பரவுவது. வீட்டுக்கு வந்ததும் வாளியில் கை கழுவி, மாஸ்க்கை வாரைப் பிடித்துக் கழற்றி, நேரே கிணற்றடியில் குளிப்பு, சாறம் மாற்றி உள்ளே. யன்னல்கள் இரவும் பகலும் திறந்தபடி, நுளம்புக்கு வலை. கடையில் யாருக்காவது தடிமன் காய்ச்சல் என்றால் அவர் ஐந்தாறு நாள் முன்னறையில் படுப்பது. கேட்க மனத்துக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒன்பது மாதமும் சுமக்கிறவள் நான், அவர் சுமக்கக் கூடியது இது ஒன்றுதான் என்று அவரே சொன்னார். நல்ல மனுசன், ஈரச் சாறத்தைக் கொடியில் போடமட்டும் இன்னும் பழகவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று அம்மம்மா கேட்டா. "நாங்கள் எத்தினை பெத்தம்." வயிறு வளர வளரக் கருப்பை மேலே தள்ளி, நெஞ்சறைக்குக் கீழே இருக்கிற பிரிமென்றகடு உயர்ந்து, சுவாசப்பை விரிய இடம் குறைந்துபோகும். அதே நேரம் ஒட்சிசன் தேவையோ கூடுகிறது. அதனால்தான் கடைசி மூன்று மாதத்தில் சுவாசப்பையைப் பிடிக்கிற நோய் வந்தால் மற்றவர்களைவிடக் கெதியாக மோசமாகிறது, நேரத்துக்கு முன் பிள்ளை பிறப்பதும் கூடுகிறது. அம்மம்மாவுக்கு நான் இப்படிச் சொல்லவில்லை. "குசினிக்குள்ள ஒரு பெரிய அலுமாரியை வைச்சால் அடுப்பு ஊத இடமில்லைத்தானே, அதுபோல" என்றேன். "அப்ப அலுமாரி வெளியில வருமட்டும் புகை வரவிடாத" என்றா.

வைகாசியில் இலங்கையில் கொரோனாவால் முதல் கர்ப்பிணி இறந்த செய்தி வந்தபோது நான் ரீவியை நிற்பாட்டிவிட்டேன். அந்த மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்துக்குச் சினோபார்ம் ஊசி வந்தது. ஆனியில் கர்ப்பிணிகளுக்கும் போடத் தொடங்கினார்கள். ஒழுங்கையில் வழக்கமான கதை: பிள்ளை ஊனமாகும், பால் வற்றும். நான் மிஸ்ஸிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: "உங்கட மகள் எண்டால் போடுவீங்களோ?" "என்ர மகளுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்" என்றா. போதும். பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களுக்குத் தனி வரிசை, போட்டபின் அரை மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். கை நொந்தது, ஒருநாள் உடம்பு அலுப்பு. நாலு கிழமையில் இரண்டாவது. நான் போட்ட கையோடு அம்மாவும் அம்மம்மாவும் அவரும் போட்டார்கள். பிறந்த பிள்ளைக்கு இந்த ஊசி இல்லை. சுற்றியிருக்கிறவர்கள் போட்டால்தான் பிள்ளைக்கு வேலி.

ஆவணியில் டெல்டா வந்து ஊரே இருமியது. நல்லூர்த் தேரை நாங்கள் ரீவியில் பார்த்த வருடம் அது. ஆவணி (ஓகஸ்ட்) 20ஆம் திகதி திரும்ப நாட்டை மூடினார்கள். மூடி மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். எனக்கு முப்பத்தைந்து கிழமை.

படலையடி வாளியும் கிணற்றடிக் குளிப்பும் அவ்வளவு நாளும் காத்தது அன்றைக்குக் காக்கவில்லை. கடையில் பக்கத்து மேசைக்காரருக்கு இரண்டு நாளுக்கு முன் உறுதியாகியிருந்தது, அவர் வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் அவரில் கோபப்படவில்லை. கொரோனா வந்த வீட்டுப் படலையில் ஒட்டின நோட்டீசைச் சனம் எப்படிப் பார்த்தது என்று எனக்கும் தெரியும்.

எங்கள் முன்னறைக்கு விறாந்தையில் திறக்கிற கதவு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. நடுக்கதவைப் பூட்டி அடியில் துவாயைச் சுருட்டி அடைத்தோம். வளவுக்குள் பழைய கக்கூஸ் ஒன்று இடிக்காமல் நின்றது, அது அவருக்கு. சாப்பாடு விறாந்தைக் கதிரையில் வைத்துவிட்டு அம்மா தள்ளிப்போய்க் குரல் கொடுப்பா. அம்மாவும் இரண்டு மாஸ்க். அவருக்குப் பனடோல், மல்லித்தண்ணி, படுக்கை. ஏழாம் நாள் எழும்பி இருந்து பழைய பேப்பர் கேட்டார்.

எனக்கும் தொண்டை கொஞ்சம் கரகரத்தது. இரண்டு தரம் சோதித்தும் இல்லை என்றே வந்தது. என் பழக்கவழக்கத்தால்தான் தப்பினேன் என்று மார்தட்ட மாட்டேன். ஊசி, திறந்த யன்னல், அந்த நடுக்கதவு, கொஞ்சம் அதிர்ஷ்டம். எது எவ்வளவு என்று பிரிக்க ஏலாது. அந்தப் பத்து நாளும் நான் செய்தது மூன்றுதான். காலையும் மாலையும் காய்ச்சல் பார்ப்பது. விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மெஷினில் 95க்குக் கீழே போகிறதா என்று பார்ப்பது. நகப்பூச்சு இருந்தால், கை குளிர்ந்திருந்தால் அது பிழையாகக் காட்டும். மூன்றாவது, மத்தியானம் சாப்பிட்டு இடப்பக்கம் சரிந்து படுத்துப் பிள்ளையின் துடிப்பைக் கவனிப்பது. ஒருநாள் பின்னேரம் துடிப்புக் குறைவாகப் பட்டது. விடியட்டும் பார்ப்போம் என்று அம்மா சொன்னா. நான் நிற்கவில்லை, மிஸ்ஸுக்கு எடுத்தேன், "இப்பவே வெளிக்கிடும், வீட்டில தொற்று எண்டு முதலே சொல்லிப்போட்டுப் போம்" என்றா. போனேன், இதயத்துடிப்பைப் பதிந்து பார்த்தார்கள், பிள்ளை நித்திரை. வீண் அலைச்சல் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படி வீணாக இன்னும் பத்துத் தரம் அலையவும் நான் தயார்.

இன்னொன்று. அந்த வருடம் காய்ச்சல் என்றாலே எல்லாருக்கும் கொரோனாதான் நினைவு. டெங்கும் இருக்கிறது. பிள்ளைத்தாச்சிக்குக் காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போய் இரத்தச் சோதனையும் செய்விக்க வேண்டும். பனடோலைத் தவிர நோவுக்கென்று புருபனோ டைக்குளோபினாக்கோ போடவே கூடாது. அவை டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டும், பிந்திய மாதங்களில் பிள்ளைக்கும் கெடுதல்.

புரட்டாதி நடுப்பகுதியில் பெரியாஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். துணைக்கு ஆளில்லை, மாஸ்க்கோடு நோவெடுப்பது சுகமான விசயமில்லை. பையில் வைத்ததில் மிகவும் உதவியது நான் எழுதிக்கொண்டு போன ஒரு தாள்: எனக்குப் போட்ட ஊசிகள், சலக்கிருமி வந்த திகதி, இரத்த வகை, அவருடைய நம்பர் பெரிய எழுத்தில். நோவில் ஒன்றும் வாயில் வராது.

முப்பத்தோராம் நாள் வரைக்கும் வீட்டில் துடக்கு. பிள்ளை பார்க்க வரவேண்டாம் என்று ஒருவருக்கும் சொல்லவேண்டி வரவில்லை. ஊர் மூடிக்கிடந்தது, திறந்தபிறகும் துடக்கு இருந்தது. அம்மா மிளகும் உள்ளியும் மல்லியும் வறுத்தரைத்துப் பத்தியக்கறி வைத்துத் தந்துகொண்டே இருந்தா. மாமி யன்னலுக்கு வெளியே நின்று பேத்தியைப் பார்த்தா. பிறகு கை கழுவி, மாஸ்க்கோடு, ஊசி போட்ட அட்டையைத் தானாகவே எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வந்து மடியில் வாங்கினா. கொஞ்சுவதென்றால் காலைக் கொஞ்சுங்கோ, முகத்தில் வேண்டாம் என்றேன். "காலைத்தான் முதல்ல கும்பிட வேணும், லட்சுமியெல்லோ" என்று அந்தச் சின்னக் காலைக் கண்ணில் ஒற்றினா. பால் கொடுக்கிறவளுக்குக் கொரோனா வந்தாலும் மாஸ்க் போட்டுக் கை கழுவிப் பால் கொடுக்கலாம், பிள்ளையைப் பிரிக்கத் தேவையில்லை என்று விடுதியில் நேர்ஸ் சொல்லித் தந்ததை நான் ஒழுங்கையில் பிள்ளைப்பெற்ற இரண்டு பேருக்குச் சொன்னேன். அதில் ஒருத்திக்கு அது தேவைப்பட்டது.

கார்த்திகை மழை விடாமல் பெய்த ஒரு காலை படலையில் மணிச்சத்தம். பி.எச்.ஐ. குடையோடு நிற்கிறார். டெங்குப் பரிசோதனை. தேங்காய்ச் சிரட்டை, பழைய ரயர், பூச்சாடி எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர் வாளியடியில் குனிந்தார். ஊர் திறந்தபிறகு அதை ஒருவரும் தொடவில்லை. ரோர்ச் அடித்துப் பார்த்தார்.

"அம்மா, இதென்ன, நுளம்புப் பண்ணையோ? குஞ்சு நெளியுது. சின்னப்பிள்ளை இருக்கிற வீடெல்லோ?"

அம்மம்மா விறாந்தையிலிருந்து எழும்பி வந்தா. ஒன்றும் பேசவில்லை. வாளியைச் சரித்துத் தண்ணீரைச் செவ்வரத்தைக்கு ஊற்றி, உள்பக்கத்தைத் தும்பால் அழுத்தித் தேய்த்து, அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, சவர்க்காரத்தைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்தா.

"இனி எல்லாரும் கிணத்தடியில கழுவிப்போட்டு வாங்கோ" என்றா, பி.எச்.ஐ.யையும் சேர்த்துத்தான்.